டிரைவரும் நாமும்

“உங்கள் வீட்டில் டிரைவர் வைத்துக்கொண்டிருக்கிறீர்களாமே! பென்ஷன் பணத்தில் அதுவும் கட்டுபடியாகிறதா, மாமா?” என்று நம் குடியிருப்பில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் மாடிப்படியில் நம்மை நிறுத்தி வினவினார். ஞாயிறு காலையில் நம் மகன் வாயிலில் நின்றபடி, “அப்பா, டிரைவரை மறந்துவிடாதீர்கள்” என்று உரக்கக் கூறியது அவர் செவியில் விழுந்திருக்கிறது. மோட்டார் வண்டியே இல்லாத வீட்டுக்கு ஓட்டுநர் எதற்கு என்று அவர் குழம்பியதில் வியப்பில்லை. நம் டிரைவர் மாதச் சம்பளம் கேட்பதில்லை, விடுமுறையும் எடுப்பதில்லை. ஆயினும் கடந்த ஓராண்டாக நம்மை அது வாங்கிய வேலை கொஞ்சநஞ்சமன்று. அந்தக் கதையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கோல்ஃப் ஆட்டத்தில் ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்பது விதி. அவற்றுள் நீளத்தில் மூத்தது டிரைவர். 48 அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்கவேண்டும் என்பது வரம்பு. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டியவை. முற்காலத்தில் அதன் தலையைப் பெர்சிம்மன் என்னும் மரத்தில் செய்தார்கள். இன்று டைட்டானியம் உலோகத்தில், உள்ளே வெறுமையாக, ஆனால் பெரிதாகச் செய்கிறார்கள். அதன் பருமனும் 460 கன சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. பந்தோ ஒரு சிறிய எலுமிச்சம்பழம் போன்றது: குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாதது, எடை 45.93 கிராமுக்கு மிகாதது. ‘டீ’ எனப்படும் சிறு மரக்குச்சியைத் தரையில் ஊன்றி, அதன் உச்சியில் இந்தப் பந்தை நிறுத்தி, நெடுந்தொலைவிலுள்ள குழியை நோக்கி அடிக்கும் முதல் அடிக்கே டிரைவர் பெரிதும் பயன்படுகிறது. 18 குழிகள் கொண்ட ஓர் ஆட்டத்தில் பொதுவாக 14 குழிகளில் அதற்கு வேலை உண்டு.

அசையாமல் நிற்கும் பந்தை அடிப்பதில் என்ன கடினம் என்றுதான் நாமும் நினைத்தோம். நினைத்தது பிழை.

நாம் 1977ஆம் ஆண்டில், இருபத்துமூன்று வயதில், ஒரு தகரப் பெட்டியுடன் புது தில்லி வந்து இறங்கினோம். கரோல்பாக்கில் ஓர் அறையை மூவராகப் பகிர்ந்து வாழ்ந்தோம். பின்னர் ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு கிடைத்தது. 2014இல் ஓய்வு பெறும்வரை கணக்குத் தணிக்கையே நம் தொழில். பிறர் செய்த பிழையைக் கண்டுபிடிப்பதும், நாம் பிழை செய்யாதிருப்பதுமே முப்பத்தேழு ஆண்டு வாழ்க்கை. அந்நாட்களில் மகனுடன் சேர்ந்து செல்லும் இடம் ஒன்றுதான், கிருத்திகைதோறும் மலைமந்திர். நாம் விரைந்து முன்னால் நடப்போம். சிறுவன் பின்னால் ஓடி வருவான். படிக்கட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்து, “சீக்கிரம் வா” என்போம். அவனோடு பேசிக்கொண்டு நடந்ததாக நினைவில்லை.

அந்தச் சிறுவனுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. குருகிராமத்தில் ஒரு கம்பெனியில் பணியாற்றுகிறான். அங்கே பழகிய நண்பர்களால் கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டான். 2025 மார்ச்சு மாதத்தில், “அப்பா, மருத்துவர் உங்களை நடக்கச் சொல்லியிருக்கிறாரே, என்னுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், நடந்ததுமாயிற்று, ஆடினதுமாயிற்று” என்று அழைத்தான். தன் பழைய டிரைவர் ஒன்றையும் நம் கையில் கொடுத்தான். அவன் நம்மை எங்கேனும் வரும்படி அழைத்தது, நினைவு தெரிந்தவரையில், அதுவே முதல் முறை. ஆகவே ஆட்டம் என்னவென்று அறியாமலே சம்மதித்தோம்.

லாடோ சராயில் குதுப் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தில்லி வளர்ச்சிக் குழுமம் நடத்துவது; உறுப்பினரல்லாதாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். மைதானத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே குதுப் மினார் தெரியும். முதல் நாள் முதல் குழியில், அடுத்து ஆடக் காத்திருந்த நால்வர் பார்த்துக்கொண்டிருக்க, நாம் டிரைவரை ஓங்கி வீசினோம். காற்று விர்ரென்று ஒலித்தது. பந்து டீயின்மேல் அப்படியே அமர்ந்திருந்தது. அடிக்கும் கருத்தோடு வீசிவிட்டால், படாவிட்டாலும் அது ஓர் அடி என்பது விதி. மறுமுறையும் காற்றே. மூன்றாம் முறை பந்து கிளம்பியது. சற்றுத் தூரம் நேராகச் சென்று, ஏதோ மறந்துபோனதைத் தேடுவதுபோல் வலப்புறம் வளைந்து, கருவேலம் புதருக்குள் புகுந்து மறைந்தது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து இப்படி வலப்புறம் வளைவதை ‘ஸ்லைஸ்’ என்பார்கள். புதிதாய்க் கற்பவரைப் பிடிக்கும் நோய்களுள் இதுவே தலையாயது.

நேயர்கள் சிரிக்கலாம், நாமும் இப்போது சிரிக்கிறோம். ஆனால் அன்று நம்மை வருத்தியது நாணம் மட்டுமன்று. மகன் அடித்த பந்து நடுவிலே, செம்மையாகப் புல் வெட்டிய ‘ஃபேர்வே’யில் விழும், நம் பந்து வலக்கோடியில் புதருக்குள் விழும். அவன் நடுவழியே நடப்பான். நாம் ஓரத்துக் காட்டில் நடப்போம். தொலைந்த பந்தைத் தேடுவதற்கு முன்னெல்லாம் 5 நிமிடம் அனுமதி உண்டு. 2019 முதல் 3 நிமிடந்தான். அந்த மூன்று நிமிடமும் முள்ளை விலக்கிக்கொண்டிருப்போம். அகப்படாவிட்டால் ஓர் அடி தண்டனையுடன் மறுபடியும் தொடங்கிய இடத்திலிருந்தே அடிக்கவேண்டும். குழியருகே ஒருவரையொருவர் காண்போம். “பரவாயில்லை அப்பா” என்பான். அடுத்த குழியில் மறுபடியும் பிரிவோம். நாலரை மணி நேரம் ஒரே மைதானத்தில் இருந்தும் பத்து நிமிடம் சேர்ந்து நடக்கவில்லை. மலைமந்திர்ப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. அன்று நாம் அவனைப் பின்னே விட்டோம்; இன்று பந்து நம்மை ஓரத்தில் விட்டது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அவன் மற்றொரு செய்தியும் சொன்னான். 2026 ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு பெங்களூருக்கு மாறிப் போகவேண்டும் என்பது கம்பெனியின் முடிவு. விரல்விட்டு எண்ணத்தக்க ஞாயிற்றுக்கிழமைகளே எஞ்சியிருந்தன. அன்றிரவே நாம் ஓர் உறுதி கொண்டோம்: பந்து நெடுந்தூரம் போகவேண்டியதில்லை, நேரே போகவேண்டும், அவன் நடக்கும் வழியில் நாமும் நடக்கவேண்டும்.

மறுவாரமே பயிற்சித் திடலுக்குச் சென்றோம். அங்கே நமக்கு ஆசிரியராக வாய்த்தவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். சிறுவயதில் பிறருடைய பையைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். “அங்கிள்ஜி, முதலில் பத்துப் பந்து அடித்துக் காட்டுங்கள்” என்று இந்தியில் கூறிவிட்டுக் கைகட்டி நின்றார். பத்தும் வலப்புறமே வளைந்தன. அவர் மட்டையின் முகத்தை ஈரத் துணியால் துடைத்து, முகப்பவுடரை மெல்லப் பூசி, மறுபடியும் அடிக்கச் சொன்னார். அடித்த பிறகு முகத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவே பதிய வேண்டிய வட்டத் தடம், பிடியின் தண்டு தலையோடு சேரும் ஓரத்தில் பதிந்திருந்தது. அந்த ஓரத்தில் பட்ட பந்து தூரத்தையும் இழக்கும். வலப்புறம் வளையும் சுழற்சியையும் கூடுதலாகப் பெறும். முப்பத்தேழு ஆண்டு தணிக்கை செய்த நமக்கு, சொந்தப் பிழையின் அத்தாட்சியை ஒருவர் இவ்வளவு தெளிவாக எடுத்து நீட்டியது அதுவே முதல் தடவை.

அவர் கற்பித்தவற்றை, கற்க விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி, வரிசையாகத் தருகிறோம். வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை இவை. இடக்கையர் மாற்றிக் கொள்க.

முதலாவது, பந்தை நிறுத்தும் உயரம். மட்டையைத் தரையில் வைத்தால், அதன் தலையின் மேல்விளிம்புக்கு மேலே பந்தின் பாதி தெரியவேண்டும். நாம் அச்சத்தினால் மிகவும் தாழ நிறுத்தியிருந்தோம்.

இரண்டாவது, பந்தின் இடம். அது இரு பாதங்களுக்கும் நடுவே அன்று. இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேரே இருக்கவேண்டும். பாதங்கள் தோளின் அகலத்தைவிடச் சற்றே அகன்று நிற்க, வலத்தோள் இடத்தோளினும் தாழ்ந்து, முதுகு குறிக்கு எதிர்த் திசையில் இலேசாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். இதன் காரணம் எளிது. மற்ற மட்டைகளால் தரையிற் கிடக்கும் பந்தை அடிக்கும்போது மட்டை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே பந்தைத் தொடவேண்டும். டிரைவர் அப்படியன்று. ஊஞ்சல் தாழ்ந்து மறுபுறம் ஏறுவதுபோல, மட்டை தன் வட்டத்தின் அடிமட்டத்தைக் கடந்து, மேலெழத் தொடங்கும்போது பந்தைச் சந்திக்கவேண்டும். நாமோ பந்து தப்பிவிடுமே என்று விறகு பிளப்பதுபோல மேலிருந்து வெட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, பிடி. நெரிசல் மிகுந்த பேருந்தில் கம்பியைப் பற்றுவதுபோல் நாம் பற்றியிருந்தோம். அவர் நம் இடக்கையைச் சற்றே வலப்புறம் திருப்பி, குனிந்து பார்த்தால் அதன் விரல் முட்டிகளுள் இரண்டு மூன்று தெரியும்படி அமைத்தார். பிடி நழுவாதிருந்தால் போதும், நெரிக்கவேண்டாம் என்றார். நெரித்துப் பிடிப்பவன் மணிக்கட்டு விறைக்கிறது. விறைத்த மணிக்கட்டு முகத்தைத் தக்க தருணத்தில் திரும்பவிடுவதில்லை.

நான்காவதே நோயின் மூலம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. பின்னர் அது வளைவதற்குக் காரணம், முகம் நோக்கிய திசைக்கும் மட்டை சென்ற வழிக்கும் உள்ள வேறுபாடு. நம் மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே இழுபட்டது. முகமோ அந்த வழிக்கு வலப்புறமாகத் திறந்திருந்தது. ஆகவே ஸ்லைஸ். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பந்து வலப்புறம் போகிறதே என்று நாம் வாரந்தோறும் இடப்புறம் திரும்பி நின்று அடித்தோம். அப்படி நின்றதால் மட்டை இன்னும் குறுக்காக இழுபட்டு, வளைவு இன்னும் பெரிதாயிற்று. அஞ்சி விலகியதே அஞ்சியதை வளர்த்தது.

இதற்கு அவர் சொன்ன மருந்து ஒரு வெற்று அட்டைப் பெட்டி. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டி ஒன்றை எடுத்துச் சென்றோம். பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னே அதை வைத்தார். மட்டை வெளியிலிருந்து குறுக்கே வந்தால் முதலில் பெட்டியில் மோதும். உள்ளிருந்து வந்தால் பெட்டியைத் தொடாமல் பந்தை அடையும். முதல் வாரத்தில் பெட்டி சின்னாபின்னமாயிற்று. வீட்டில் பவுடர் டப்பாவும் இனிப்புப் பெட்டிகளும் ஒருங்கே மறைவதைக் கண்ட நம் இல்லத்தரசியார், “இது என்ன ஆட்டமோ!” என்று வியந்தார். நாலாவது வாரத்தில் பெட்டி ஒன்று முழுதாக வீடு திரும்பியது.

ஐந்தாவது, முடிவு. பாதி வலிமையோடு வீசு. வீசி முடித்தபின், பந்து தரையில் விழும்வரை இடக்காலில் நிலைபெற்று நில் என்பது கட்டளை. நிலைகுலைந்தால் வலிமை மிஞ்சிவிட்டது என்று பொருள். மைதானத்தில் பலரும் “தலையைத் தூக்காதீர்கள்” என்று நமக்கு இலவசமாக உபதேசித்திருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாம் கூனிக் குறுகியிருந்தோம். ஆசிரியரோ, “பந்து போனபின் தலையும் அதனோடு திரும்பட்டும், அங்கிள்ஜி, போவதைப் பார்ப்பதற்குத்தானே அடிக்கிறீர்கள்?” என்றார்.

கைப்பயிற்சியோடு அவர் சிறிது மதியுரையும் தந்தார். தொடங்கும் இடத்தில் இரு குறிகளுக்கு இடையே எங்கு வேண்டுமானாலும், பின்னோக்கி இரண்டு மட்டை நீளம் வரையிலும் பந்தை நிறுத்தலாம். பலர் யோசியாமல் நடுவில் நிறுத்துகிறார்கள். வலப்புறம் ஆபத்து இருந்தால் வலக்கோடியில் நிறுத்தி, அதற்கு எதிர்ப்புறம் பார்த்து அடிக்கவேண்டும். அப்போது வழி அகன்று காணப்படும். குறுகிய வழியாயின் டிரைவரை எடுக்காமலே இருப்பதும் அறிவு. 2025 அக்டோபரில் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த பந்தயத்துக்கு வந்த ரோரி மெக்கில்ராய், உலகின் தலைசிறந்த டிரைவர் ஆட்டக்காரருள் ஒருவராயினும், புதர்கள் நெருங்கிய அந்த மைதானத்தில் அதை ஒதுக்கிவைக்கத் தீர்மானித்தார். தூரமே வெற்றி என்பதற்கு நம் நாட்டிலேயே மறுப்பு உண்டு. 1829இல் நிறுவப்பட்ட கல்கத்தா ராயல் கோல்ஃப் கிளப்பில் புல் பேணும் பணியாளரின் மகனாக வளர்ந்த சிவசங்கர் பிரசாத் சௌராசியா நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். எனினும் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டம் அவருடையதாயிற்று. நம்மைப் போன்ற கிழவர்களுக்கு இதைவிட ஆறுதல் எது?

சனவரி மூடுபனி விலகிய பிப்ரவரி ஞாயிறு ஒன்றில் மகனுடன் மறுபடியும் முதல் குழியில் நின்றோம். பயிற்சி பெறுவதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பின்னால் வழக்கம்போல் நால்வர் காத்திருந்தனர். பந்தை உயர நிறுத்தினோம், இடக் குதிகாலுக்கு நேராக நின்றோம், பிடியைத் தளர்த்தினோம். முன்போல் ஓங்கவில்லை. வீசியபின் இடக்காலில் நின்று தலையை உயர்த்திப் பார்த்தோம். பந்து மினாரின் திசையில் எழுந்து, சற்றே வலப்புறம் சாய்ந்து, நடுப் புல்வெளியில் விழுந்து உருண்டது. 170 கஜம் இருக்கலாம். இளைஞர்க்கு அது ஒரு தூரமே அன்று. மகன் ஒன்றும் சொல்லவில்லை. தன் பந்தை அடித்துவிட்டு, நம் பையையும் தானே தோளில் மாட்டிக்கொண்டான்.

பிறகு இருவரும் நடந்தோம். அன்று அடித்த 14 முதல் அடிகளுள் 9 நடுவழியில் விழுந்தன. ஐந்து பழைய புதருக்கே போயின. அந்த ஒன்பது குழிகளிலும் சேர்ந்தே நடந்தோம். ஆறாவது குழியருகில் அவன், “அப்பா, 1977இல் நீங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது தாத்தா என்ன சொன்னார்?” என்று கேட்டான். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. “ஒன்றும் சொல்லவில்லை, ரயில் நகரும்வரை பெட்டியோடு கூடவே நடந்து வந்தார்” என்றோம். அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். “பெங்களூரிலும் நல்ல மைதானங்கள் இருக்கின்றன, டிரைவரை எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்றான் பிறகு.

சங்கத்து மூத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் குருகிராமத்திலும் நொய்டாவிலும் ஏதோ ஓர் ஆட்டமோ கலையோ பழகிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அழைத்தால் வயதைக் காட்டி மறுக்காதீர்கள். அழைப்பு எப்போதும் வந்துகொண்டிராது. முதுகையும் முழங்காலையும் மருத்துவரிடம் காட்டியபின், வாரம் ஒரு மணி நேரம் பயிற்சித் திடலில் செலவிடுங்கள். முதலில் காற்றையே அடிப்பீர்கள். அதனால் உயிர் போய்விடாது. கற்பிக்க ஓர் இளைஞர் கிடைப்பார். அவர் சொல்லைக் கேளுங்கள்.

அடுத்த வீட்டு அம்மையாருக்கு உண்மையை விளக்கிவிட்டோம். “அப்படியானால் அந்த டிரைவர் உங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறார்?” என்று நகைத்தார். ஞாயிறுதோறும் மகன் நடக்கும் வழியில் விடுகிறார் என்று விடை கூறினோம்.